விருந்தினர் கடமை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். சென்ற ஆண்டு சிலம்பின் சிறப்பைக் கேட்டோம். அதற்கு முந்திய ஆண்டு கம்பன் கவிநயத்தில் திளைத்தோம். இவ்வாண்டு செயற்குழுவினராகிய எங்களுக்கு அரைமணி நேரம் அளித்திருக்கிறீர்கள். அதில் சோற்றைப் பற்றிப் பேச எண்ணியுள்ளோம். விழா முடிந்ததும் பந்தி காத்திருக்கிறது. பின்கட்டிலிருந்து தாளிக்கும் மணம் இப்பொழுதே வருகிறது. ஆகவே பொருத்தமற்ற பேச்சு என்று எவரும் எங்களைக் கடிந்துகொள்ள மாட்டீர்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணமாக அமைந்தது நம் குடியிருப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி. தொடர்புடைய குடும்பத்தாரின் இசைவு பெற்றே அதனைச் சொல்கிறோம். பெயர் சொல்லவில்லை, சொல்லாமலே பலர் அறிவீர்கள்.

நம் தெருவில் ஒரு தம்பி சென்ற ஆண்டு மேனிலைப் பள்ளித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்கு, உணவகத் தொழிற்கல்வி படிக்கப் போகிறேன் என்றான். தந்தைக்குச் சினம் பொங்கியது. "கரண்டி பிடிப்பதற்கா உன்னைப் பன்னிரண்டு ஆண்டு படிக்க வைத்தேன்?" என்றார். தாய் இருவருக்கும் இடையே நின்று தவித்தார். மூன்று நாள் அவ்வீட்டில் தந்தையும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அத்தாய் சங்கத்தை நாடி வந்தார். "நீங்களாவது ஒரு வழி சொல்லுங்கள்" என்றார்.

எங்களுக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. பொறியியல் படிக்கட்டும் என்றார் ஒருவர். அரசுத் தேர்வு எழுதட்டும் என்றார் மற்றொருவர். பிள்ளையின் விருப்பத்தைத் தடுக்கலாகாது என்றார் வேறொருவர். இறுதியில் மூத்த உறுப்பினர் ஒருவர், "பார்த்திராத ஒன்றைப் பற்றி ஏன் வழக்காடுகிறோம்? அப்பிள்ளைகள் சமைத்துப் பரிமாறும் இடம் ஒன்று உண்டாமே, போய் உண்டு பார்த்து வருவோம்" என்றார். நான்கு குடும்பத்தார் புறப்பட்டோம். தந்தையையும் மகனையும் உடன் அழைத்துச் சென்றோம். பேருந்தில் தந்தை முன்னிருக்கையிலும் மகன் கடைசி இருக்கையிலும் அமர்ந்து வந்தனர்.

நாங்கள் உண்ட பயிலகத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். பயில்வோரின் கைப்பிழையை ஊரும் பேரும் சேர்த்துச் சொல்வது உண்டவர்க்கு அழகன்று.

நிற்க. இத்தகைய பயிலகங்கள் யாவை, எப்பொழுது தோன்றின என்பதைச் சற்றுக் காண்போம். சமையற் கலையைப் பள்ளி வைத்துக் கற்பிப்பது மேலை நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம். லண்டன் மாநகரில் வின்சென்ட் சதுக்கத்தில் 1910ஆம் ஆண்டு சமையற் கலைப் பள்ளி தொடங்கப்பெற்றது. அங்குள்ள வின்சென்ட் ரூம்ஸ் என்னும் உணவகத்தில் மாணவரே சமைத்து, மாணவரே பரிமாறுவர். ஊரார் பணம் கொடுத்து உண்பர். அமெரிக்க நாட்டில் நியூ ஹேவன் நகரில் 1946ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போரிலிருந்து மீண்ட படைவீரர்க்கு ஒரு தொழில் வேண்டுமே என்று ஒரு பள்ளியைத் தொடங்கினர். துப்பாக்கி பிடித்த கைகள் அங்கே கரண்டி பிடித்தன. அப்பள்ளி 1972இல் ஹைட் பார்க் என்னும் ஊருக்கு மாறியது. பாதிரிமார் கல்வி பயின்ற பழைய மடமொன்று அதன் இல்லமாயிற்று. கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா என்னும் அப்பள்ளியிலும் மாணவர் பணிபுரியும் உணவகங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன.

நம் நாட்டிலும் இது புதிதன்று. பம்பாயில் 1954ஆம் ஆண்டு, லீலாவதி முன்ஷி அம்மையாரின் முயற்சியால், அகில இந்தியப் பெண்கள் மத்திய உணவுக் குழுவினர் இத்தகைய முதற் பயிலகத்தைத் தொடங்கினர். அதன் முதல்வராகப் பல்லாண்டு பணியாற்றிய தங்கம் பிலிப் அம்மையார் நாம் வாழும் இக்கேரள மண்ணைச் சேர்ந்தவர். அவர் 1965இல் வெளியிட்ட சமையற் பாடநூல் நாடெங்கும் மாணவர் கையில் இருந்தது. 1976இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. அடுப்பங்கரைக் கல்விக்கு அரசு விருது கிட்டியது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. சென்னையில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய பயிலகம் தரமணியில் இயங்கி வருகிறது. கேரளத்தில் கோவளத்தில் மத்திய அரசின் பயிலகம் உண்டு. தொடுபுழை, களமசேரி முதலிய ஊர்களில் மாநிலச் சுற்றுலாத் துறையைச் சார்ந்த ஃபுட் கிராஃப்ட் இன்ஸ்டிட்யூட்டுகள் குறுகிய காலப் பயிற்சி தருகின்றன. நம் மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாத தொலைவில் இவை இல்லை.

இனி, நாங்கள் கண்டதைச் சொல்வோம். அப்பயிற்சி உணவகத்தில் முப்பது பேர் அமரலாம். முன்னரே சொல்லி வைத்தால்தான் இடம். அன்றைய உணவுப் பட்டியல் ஒன்றுதான். இது வேண்டும் அது வேண்டாம் என்று நாம் தேர்ந்தெடுக்க இயலாது. அன்று எதனைக் கற்க வேண்டுமோ அதனையே சமைக்கிறார்கள். விலை குறைவு; கற்பவரின் உழைப்புக்கு அவ்விலையில் கணக்கில்லை. இன்று அடுப்பருகே நிற்பவர் அடுத்த முறை மேசையருகே நிற்பார். பாத்திரம் கழுவும் முறையும் எல்லார்க்கும் வரும். பரிமாறத் தொடங்குமுன் ஆசிரியர் அனைவரையும் வரிசையாக நிறுத்தி, நகம், தலைமுடி, காலணி முதலியவற்றைப் பார்வையிடுகிறார். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பண்டத்திலும் என்ன சேர்ந்திருக்கிறது என்று கேட்டு விடை பெறுகிறார். உணவை இடப்புறமிருந்து பரிமாற வேண்டும். பானத்தை வலப்புறமிருந்து வார்க்க வேண்டும். இதனைக் கேட்ட எங்கள் மூத்த உறுப்பினர், "நம் வாழையிலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று பாட்டி அடித்துச் சொன்னதும் இதைப் போன்ற பாடந்தானே" என்றார். ஒழுங்கு எல்லா நாட்டிலும் உண்டு. அதற்குப் பள்ளி வைத்தவர்கள் சிலர், பாட்டியிடம் விட்டவர்கள் நாம்.

முதலில் சூப் வந்தது. பரிமாறிய பெண் மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று பின்னர் அறிந்தோம். "மல்லிகடானி" என்று அவள் மெல்லிய குரலில் பெயர் சொன்னாள். அப்பெயரின் பிறப்பை நீங்கள் அறிவீர்கள். வெள்ளைக்காரன் நம் மிளகுதண்ணீரைக் குடித்துவிட்டு, வாயில் நுழையாத பெயரை அவ்வாறு வளைத்துக்கொண்டான். நம் வீட்டு ரசம் கடல் கடந்து, சட்டை மாட்டிக்கொண்டு, பீங்கான் கிண்ணத்தில் ஏறி நம் முன் வந்து நின்றது. எல்லோரும் சிரித்தோம். தந்தை ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அப்பொழுதுதான் அது நேர்ந்தது. அவர் முன் கிண்ணத்தை வைக்கையில் அப்பெண்ணின் கை நடுங்கியது. கிண்ணம் சாய்ந்து, பாதிச் சூப் அவருடைய வெள்ளை வேட்டியில் கொட்டியது.

அறை அடங்கிப் போயிற்று. ஆசிரியர் ஓர் அடி முன்வந்து நின்றார். அப்பெண்ணின் முகம் வெளிறியது. "மன்னித்துவிடுங்கள் ஐயா" என்றாள். அதற்குமேல் சொல் எழவில்லை. தந்தை தம் வேட்டியைப் பார்த்தார், அப்பெண்ணைப் பார்த்தார். எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. பையனின் எதிர்காலம் அந்தக் கிண்ணத்தோடு கவிழ்ந்துவிட்டது என்றே எண்ணினோம்.

அவர் சொன்னார்: "பரவாயில்லை தாயி. சூடு பொறுக்கும்படிதான் இருந்தது. இன்னொரு கிண்ணம் கொண்டு வா. இம்முறை கிண்ணத்தைப் பார்க்காதே, வைக்கிற இடத்தைப் பார்."

அவ்வாறே அவள் கொண்டுவந்தாள். வைக்கும் இடத்தைப் பார்த்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

பின்னர்ச் சோறு வந்தது. பாலக்காட்டு மொளகூட்டல், மோர்க்குழம்பு, பொரியல், அப்பளம், மறையூர்ச் சர்க்கரையில் செய்த பாயசம் என அனைத்தும் நம் பக்கத்து உணவே. உண்டு முடித்ததும் ஆளுக்கொரு தாளும் எழுதுகோலும் தந்தார்கள். உணவு எவ்வாறு இருந்தது என்று எழுத வேண்டும். நாங்கள் யாவரும், "மிக நன்று, வாழ்த்துகள்" என்று எழுதினோம். தந்தை மட்டும் நெடுநேரம் எழுதினார். அத்தாள் உள்ளே சென்ற சற்று நேரத்தில், வெள்ளைத் தொப்பி அணிந்த ஒரு மாணவன் விரைந்து வந்தான். நேரே அவரிடம் சென்று, "ஐயா, மோர்க்குழம்பு திரிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே தவறினேன் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.

"கொதிக்க விட்டுவிட்டாய் தம்பி. தேங்காய் அரைத்த விழுது வெந்தபிறகு தீயைத் தணித்து மோரை ஊற்ற வேண்டும். ஓரத்தில் நுரை கூடி வரும்; அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும். நுரைக்கும் கொதிக்கும் நடுவே உள்ள நேரந்தான் மோர்க்குழம்பு" என்றார் அவர். அம்மாணவன் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டான். "எல்லாரும் நன்று என்றே எழுதிவிடுகிறார்கள் ஐயா. அதை வைத்து என்ன கற்பது?" என்றும் சொன்னான். எங்களுக்கு முகம் சற்றுச் சிவந்தது.

கடைசி மேசையிலிருந்த மகன் எழுந்து வந்து தந்தையின் அருகே நின்றான். "அப்பா, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அவர் அதுவரை மகனுக்குச் சொல்லாத கதையை அன்று சொன்னார். பதினான்கு வயதில் வீட்டின் வறுமையால் ஓர் உணவு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தாராம். முதலில் மேசை துடைத்தார், பிறகு மாவாட்டினார், பிறகு சரக்கு மாஸ்டருக்குக் கையாளாக அடுப்பருகே நின்றார். ஏழாண்டு அங்கே கழிந்தது. கைப்பக்குவம் வந்தது; மதிப்பு வரவில்லை. உண்ண வந்தவர்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "டேய்" என்றே அழைத்தார்கள். ஒரு நாள் ஒருவர், காப்பி ஆறிவிட்டது என்று அதனை அவர்மீதே வீசினாராம். அதன் பின்னரே ஆலை வேலைக்கு வந்தார். "சமையல் எனக்குப் பிடிக்காத தொழில் அன்று. அந்த 'டேய்' உனக்கு வரக்கூடாது என்றுதான் தடுத்தேன்" என்றார்.

அன்பர்களே! அதுவரை அவர் அத்தொழிலை இழிவாக எண்ணுகிறார் என்றே நாங்கள் கருதியிருந்தோம். இழிவு செய்தவர்கள் உண்ண வந்தவர்கள். பழியைத் தொழில் சுமந்தது. தம்மீது காப்பி வீசப்பெற்ற அவரே, தம்மீது சூப் கொட்டிய பெண்ணுக்கு என்ன விடை தந்தார் என்பதை மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

வள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். விருந்தளிப்பவன் எவ்வாறு முகம் மலர வேண்டும் என்று நமக்குச் சிறுவயது முதலே கற்பிக்கிறார்கள். விருந்துண்பவன் எவ்வாறு இருக்க வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம்? பயிற்சி உணவகம் அதனைத்தான் நமக்குக் கற்பித்தது. அங்கே உண்பவனுக்கும் கடமை உண்டு. பிழை நேர்ந்தால் பொறுக்க வேண்டும். பொறுத்ததோடு நில்லாமல், பிழை எது என்று உண்மையாய்ச் சொல்ல வேண்டும். வெறும் பொறுமை கற்பவனை ஏமாற்றுகிறது. வெறும் சினம் அவனை முறிக்கிறது. இரண்டுக்கும் நடுவே, அந்தத் தந்தை சொன்ன மோர்க்குழம்பைப் போல, ஒரு பக்குவம் இருக்கிறது.

இதனை நம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். இங்குக் கூடியிருப்போருள் வாளையாற்று வழியே வந்தவர்கள் உண்டு. போடிமெட்டும் குமுளியும் ஏறி, ஏலத்தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் உழைத்து, பின் இங்குக் குடியமர்ந்தவர்களும் உண்டு. எல்லை கடந்து வரும்பொழுது நம் முன்னோர் கொண்டுவந்த உடைமை சிறிது, கைப்பக்குவம் பெரிது. எலப்புள்ளியை அடுத்த ராமசேரியை அறிவீர்கள். தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பத்தார் அங்கே மண்பானையின் வாயில் நூல்வலை கட்டி, அதன்மேல் துணி விரித்து, தட்டையான இட்டிலி அவிக்கிறார்கள். அவ்விட்டிலியை உண்பதற்கென்றே வெளியூரார் தேடி வருகிறார்கள். அதனைச் செய்யும் குடும்பங்களோ இன்று மிகச் சில. உண்பவர் பெருகியும் செய்பவர் குறைவது ஏன்? அடுப்பருகே நிற்பவரின் பிள்ளைக்கு அடுப்பருகே நிற்பது பெருமையாகத் தோன்ற வேண்டுமே! அப்பெருமையை அளிக்க வேண்டியவர் யார்? உண்ணும் நாம் அல்லவா?

நம் இல்லங்களையும் பார்ப்போம். நம் தாய்மார்கள் நாள்தோறும் மூன்று வேளை சமைக்கிறார்கள். நன்றாக இருந்தால் நாம் ஒன்றும் சொல்வதில்லை. உப்புக் குறைந்தால் மட்டும் குரல் எழுகிறது. பாராட்டும் இன்றி, கற்பிக்கும் சொல்லும் இன்றி, குறை மட்டுமே கேட்டு ஆயுள் முழுதும் ஒருவர் ஒரு தொழிலைச் செய்வதென்றால், அது எத்தகைய பள்ளி? ஆண்மக்களை அடுப்பங்கரைக்குள் விடாமல் வளர்த்த குறையும் நம்முடையதே.

மற்றொன்றும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இத்தொழில் எளிதன்று. நெடுநேரம் நின்றே வேலை செய்ய வேண்டும். பிறர் விடுமுறை கொண்டாடும் நாளே இவர்களுக்கு வேலை மிகுந்த நாள். தொடக்க ஊதியம் சிறிது. கப்பலில் வேலை, அயல்நாட்டில் வேலை என ஆசை காட்டும் விளம்பரங்களும் பல. பணம் கட்டுமுன் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். பயிலகத்திற்கு அரசின் ஏற்பு உண்டா? மாணவர் நடத்தும் பயிற்சி உணவகம் உண்மையில் இயங்குகிறதா? மாணவர் வாரத்தில் எத்தனை நாள் அடுப்பருகே நிற்கிறார்கள்? மத்திய அரசுப் பயிலகங்களின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் சேர, மேனிலைப் பள்ளிக் கல்விக்குப்பின் நாடு தழுவிய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இயன்றால் ஒரு நாள் நேரில் சென்று பணம் கொடுத்து உண்டு பாருங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை ஒரு கிண்ணம் மோர்க்குழம்பு சொல்லிவிடும்.

முடிவாக, செயற்குழுவின் சார்பில் இரண்டு வேண்டுகோள்கள். மாதந்தோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் சங்கக் கூடத்தில் இளைஞர்களும் மகளிரும் சேர்ந்து சமைக்கட்டும். பெரியவர்கள் சிறு தொகை கொடுத்து அமர்ந்து உண்போம். உண்டபின் ஆளுக்கொரு தாளில் ஒரு நிறையும் ஒரு குறையும் எழுதித் தருவோம். வெறுமனே "மிக நன்று" என்று எழுதிய தாளை ஏற்பதற்கில்லை. இது முதல் வேண்டுகோள்.

இரண்டாவதை இன்றே நிறைவேற்றலாம். இவ்விழாவில் பேசியவர்க்கும் பாடியவர்க்கும் பொன்னாடை போர்த்தினோம். விடியற்காலை முதல் பின்கட்டில் புகையோடு போராடி நமக்கு உணவு ஆக்குவோரை இதுகாறும் ஓராண்டும் இம்மேடைக்கு அழைத்ததில்லை. பந்தி முடிந்ததும் அவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம். எழுந்து நின்று கைதட்டுவோம்.

அந்தத் தம்பி என்னவானான் என்று கேட்பீர்கள். திரும்பி வரும் பேருந்தில் தந்தையும் மகனும் ஒரே இருக்கையில் அமர்ந்து வந்தனர். இப்பொழுது அவன் முதலாண்டு மாணவன். விடுமுறைக்கு வந்திருக்கிறான். நம் பின்கட்டில் மோர்க்குழம்பு அவன் பொறுப்பு. பக்கத்தில் அவன் தந்தை நிற்கிறார். கரண்டி மகன் கையில் இருக்கிறது.

உண்போம், உண்டபின் உண்மையைச் சொல்வோம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!